தகுதி பாராத தயவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மாணவர்களாகிய நமக்குத் ‘தகுதி’ என்னும் சொல்லைவிடப் பழகிய சொல் வேறொன்று இருக்க முடியாது. கல்லூரியில் சேர விண்ணப்பித்துவிட்டு, தரவரிசைப் பட்டியல் ஒட்டிய அறிவிப்புப் பலகையின் முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற அந்தக் காலைப் பொழுது நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. மதிப்பெண்ணுக்கு இடம், உழைப்புக்குக் கூலி, குற்றத்துக்குத் தண்டனை என்ற கணக்கில்தான் நாம் அறிந்த உலகம் நடக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் இந்தக் கணக்கின்மீது எனக்குக் கொஞ்சம் கூடுதலான பற்று உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்தக் கணக்குக்குச் சற்றும் ஒத்துவராத ஒரு சொல்லைப் பற்றியது இக்கட்டுரை. கிறிஸ்தவர்கள் அதனைக் ‘கிருபை’ என்கிறார்கள். நான் கிறிஸ்தவனல்லன். படைவீட்டு ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை. அப்படியிருக்க இந்தச் சொல்லைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் கண்ணமங்கலம். அங்கே எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு திருட்டு நடந்தது. அக்காவின் திருமணத்திற்கென்று அம்மா மல்லாட்டை பிடுங்கியும் களையெடுத்தும் சேர்த்த காசில் வாங்கி வைத்திருந்த மூன்று பவுன் நகை காணாமற்போனது. எடுத்தவர் அயலார் அல்லர். அம்மாவுடன் பிறந்த தம்பி, எங்கள் தாய்மாமன். கல்யாணத்தில் சீர் கொண்டுவந்து முன்னால் நிற்கவேண்டியவர் அந்த நகையை விற்றுக் குடித்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அக்காவின் திருமணம் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. போன ஆண்டு அவர் திரும்பி வந்தார். குடியை விட்டிருந்தார். எங்கோ ஒரு சபையில் சேர்ந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து, “எனக்குத் தகுதி ஒன்றும் இல்லை அக்கா, எல்லாம் கிருபை” என்றார். ஆயா உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவும் செய்துவிட்டு ஒரு சொல்லைச் சொல்லி உள்ளே வந்துவிடலாமா? அப்படி அனுமதிக்கிற அந்தச் சொல்தான் என்ன?

விடுதியில் என் அறைத்தோழன் கிறிஸ்தவன். அவனுடைய விவிலியத்தை வாங்கிப் படித்தேன். நூலகத்தில் கிடைத்தவற்றையும் படித்தேன். அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிருபை என்பது ‘கிருபா’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். சீர்திருத்தச் சபையார் வழங்கும் தமிழ் வேதாகமத்தில் பக்கத்துக்குப் பக்கம் இச்சொல் வரும். கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் அவ்விடங்களில் ‘அருள்’ என்றிருக்கும். கத்தோலிக்கரின் பழைய செப நூல்களிலோ ‘பிரியதத்தம்’ என்ற சொல் வழங்கியது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிரியத்தினால் தத்தம் செய்யப்பட்டது, அதாவது அன்பினால் கொடுக்கப்பட்டது. இன்று வழக்கொழிந்துவிட்ட இச்சொல்லில் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. மூலமாகிய கிரேக்கத்தில் ‘காரிஸ்’ என்பார்கள். மகிழ்ச்சியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போயிருப்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். கிரயப் பத்திரம் என்றால் விலை உண்டு. வாங்குகிறவன் பணத்தை எண்ணி வைத்தால்தான் விற்கிறவன் கையெழுத்திடுவான். தானப் பத்திரம் அப்படியன்று. கொடுப்பவன் எதையும் பெற்றுக்கொள்ளாமல், தன் விருப்பத்தால் எழுதிக்கொடுக்கிறான். வாங்குகிறவன் யோக்கியனா, குடிகாரனா என்று பத்திரம் கேட்பதில்லை. ஆனால் ஒன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, பெறுகிறவன் ஏற்றுக்கொண்டால்தான் தானம் செல்லும். கிருபையைப் பற்றிக் கிறிஸ்தவ இறையியல் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. கடவுள் கொடுப்பது தானம். விசுவாசம் என்பது அதற்கு மனிதன் தரும் விலையன்று, அதை வாங்குவதற்கு நீட்டும் கை. (அந்தக் கையை நீட்டவும் கிருபைதான் தூண்டவேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுவார்கள். அந்த வழக்கு பின்னால் வரும்.)

இயேசு இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை, கதையாகச் சொன்னார். மத்தேயு நற்செய்தி இருபதாம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரன் வருகிறான். விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆட்களை அமர்த்துகிறான். பிறகு ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் போய், நிற்கிறவர்களைக் கூட்டிவருகிறான். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது மறுபடியும் போகிறான். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறான். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி. காலை முதல் வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இதைப் படித்தபோது நான் முணுமுணுத்தவர்கள் பக்கம்தான் இருந்தேன். இயற்பியல் படிக்கிறவனுக்கு வேலை, நேரம், திறன் என்று வகுத்துப் பார்த்தே பழக்கம். ஒரு மணி நேர வேலைக்கும் பன்னிரண்டு மணி நேர வேலைக்கும் ஒரே கூலி என்றால் எந்தச் சமன்பாட்டில் பொருந்தும்? விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் விடியற்காலையில் சாலையோரத்தில் நின்று, இன்று யார் கூப்பிடுவார்கள் என்று பார்த்திருந்த அனுபவம் முப்பது வருடங்களாக அவளுக்கு உண்டு. கதையைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “கடைசியா வந்தவன் வூட்லயும் ராத்திரிக்கு அடுப்பு எரியணும் இல்லடா? அரைக் கூலிக்கு அரைப் பானையா வைப்பாங்க?”

ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஒரு குடும்பம் அன்று சாப்பிடுவதற்கு வேண்டியது. தோட்டக்காரன் உழைப்பை அளந்து கொடுக்கவில்லை, தேவையை அளந்து கொடுத்திருக்கிறான். பெரிய விரிவுரைகளில் நான் தேடிய விளக்கத்தை அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள். முதலில் வந்தவர்களுக்கு அவன் பேசிய கூலியைக் குறைக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். நீதியில் அவன் தவறவில்லை. நீதிக்கு மேலே கொஞ்சம் போனான். அதுதான் எரிச்சலுக்குக் காரணம்.

இக்கருத்தை முதலில் கோட்பாடாக்கியவர் பவுல். கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சிறையிலிடுவதற்காகத் தமஸ்கு நகருக்குப் போய்க்கொண்டிருந்தபோது மனம் மாறியவர் அவர். தாம் தேடிப்போகாத ஒன்று தம்மைத் தேடிவந்தது என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் நடுவில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகஸ்டின், இளமையில் நண்பர்களோடு சேர்ந்து அடுத்தவர் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதை நடுவயதில் எழுதிவைத்தார். பசிக்காகத் திருடவில்லை, திருட்டுக்காகவே திருடினோம் என்பதுதான் அவரை உறுத்தியது. அவர் காலத்தில் பெலேகியுஸ் என்னும் துறவி, மனிதன் மனம் வைத்தால் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழமுடியும் என்று போதித்தார். அகஸ்டின் அதை மறுத்தார். கால் முறிந்தவனைப் பார்த்து ‘நீ மனம் வைத்தால் ஓடலாம்’ என்று சொல்லுவது போன்றதுதான் அப்போதனை என்று அவருடைய வாதத்தை நாம் சுருக்கிச் சொல்லலாம். 418-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் கூடிய சங்கம் பெலேகியுஸின் கொள்கையைத் தள்ளியது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517-இல் மார்ட்டின் லூதர் எழுப்பிய கேள்வியும் இதே கேள்விதான்: தானப் பத்திரத்துக்கு விலை வைப்பது யார்? இதனால் மேலைத் திருச்சபை இரண்டுபட்டது. இந்த வழக்கில் ஒரு சமரசம் ஏற்பட 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், மனிதன் இறைவன்முன் ஏற்கப்படுவது கிருபையினாலேயே என்னும் கூட்டறிக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கையெழுத்திட்டன.

தமிழ்நாட்டுக்கு இந்தப் போதனை பல வழிகளில் வந்தது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் லூத்தரின் வழியைச் சேர்ந்தவர். அவர் தமிழில் பெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடுதான் இந்திய மொழிகளில் முதலாவது. நம் வட ஆற்காட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையார். ஹென்றி மார்ட்டின் ஸ்கடரும் அவருடைய சகோதரர்களும் 1853-இல் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். வேலூரில் 1900-இல் தொடங்கிய சிறு மருத்துவ நிலையத்தைச் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்த்த ஐடா ஸ்கடர் இந்தக் குடும்பத்துப் பெண்மணியே. சேத்துப்பட்டுப் பக்கம் தராஸ் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் கத்தோலிக்க நெறியைப் பரப்பினார். ஐரோப்பாவில் முட்டிக்கொண்ட மூன்று கிளைகளும் நம் ஊர்ப்பக்கம் அடுத்தடுத்த கிராமங்களில் கோவில் கட்டிக்கொண்டன.

ஆனால் கிருபைக்குத் தமிழில் காவியமே பாடியவர் தெற்கேயுள்ளவர். திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, கம்பனில் தோய்ந்த தமிழாசிரியர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆனார். ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய, ‘மோட்சப் பிரயாணம்’ என்று தமிழ்நாட்டில் அறியப்படும் நூலைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழறிஞர்கள் போற்றுவதை நம் தமிழ்ப் பாடவேளைகளில் கேட்டிருப்போம்.

மூல நூலை எழுதிய பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்க்கும் தொழிலாளி. அரசு அனுமதியின்றிப் போதித்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். பாவிகளில் தாமே தலைவர் என்று பொருள்பட 1666-இல் தம் வாழ்க்கையையே ஒரு நூலாக எழுதியவர். அவருடைய யாத்திரிகன் முதுகில் பெரிய சுமை ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் எத்தனை வழி சொன்னாலும் அது இறங்குவதில்லை. சிலுவையின் அடிக்கு வந்து நிற்கும்போது அதுவாகவே கழன்று உருண்டு போய்விடுகிறது. அவன் முடிச்சை அவிழ்க்கவில்லை என்பதுதான் இங்கே குறிப்பு.

அந்நூலில் இன்னொரு காட்சி உண்டு. தூசி நிறைந்த ஓர் அறை. ஓர் ஆள் துடைப்பத்தால் பெருக்குகிறான். தூசி கிளம்பி யாத்திரிகனுக்கு மூச்சு முட்டுகிறது. பிறகு ஒரு பெண் வந்து தண்ணீர் தெளிக்கிறாள். அதன்பின் பெருக்கினால் அறை சுத்தமாகிறது. துடைப்பம் மட்டும் நியாயப்பிரமாணம். ‘செய், செய்யாதே’ என்று சொல்லும். அழுக்கைக் கிளப்பிக் காட்டும், ஆனால் அகற்றாது. தண்ணீர் கிருபை. இங்கிலாந்தில் இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்கலாம். விடியலில் வாசல் தெளிக்காமல் பெருக்கத் தொடங்கிய மருமகளை மாமியார் என்ன சொல்லுவாள் என்று அறிந்த நமக்குத் தேவையில்லை.

வைணவச் சூழலில் வளர்ந்தவர் இப்பொருளைத் தேர்ந்ததில் வியப்பில்லை என்பது என் எண்ணம். கிருபை என்ற சொல்லும் கருத்தும் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. வைணவ ஆசாரியர்களிடையே நடந்த குரங்குக்குட்டி, பூனைக்குட்டி வழக்கு புகழ்பெற்றது. தாய்க் குரங்கு மரத்துக்கு மரம் தாவும்போது குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ளவேண்டும்; பூனைக்குட்டியோ சும்மா கிடந்தால் போதும், தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும். ஆன்மாவின் முயற்சி சிறிதேனும் வேண்டும் என்பது வடகலையார் கட்சி. வேண்டியதில்லை என்பது தென்கலையார் கட்சி. பெலேகியுஸ், அகஸ்டின் பெயரைக் கேட்டிராமலே ஸ்ரீரங்கத்திலும் காஞ்சியிலும் அதற்கு நெருங்கிய வழக்கை வாதித்திருக்கிறார்கள். ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய அறிஞர் 1930-இல் இந்தியாவின் அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். கிறிஸ்தவத்தில் அருள் முதன்மையாகக் குற்றப் பொறுப்பை நோக்கிப் பேசுகிறது என்பது அவர் கண்ட வேறுபாடு. பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதைவிட, ‘நான் செய்த தீங்குக்கு என்ன பதில்’ என்ற கேள்வியே அங்கு முன்னால் நிற்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையிலேயே கதை இருக்கிறது. அருணகிரிநாதர் இளமையில் தீய வழியில் திரிந்து, வளர்த்த தமக்கையின் பொருளையெல்லாம் அழித்து, முடிவில் வெறுப்புற்றுக் கோபுரத்திலிருந்து விழுந்தபோது முருகன் தாங்கிக்கொண்டான் என்பது மரபுவழிக் கதை. சிறுவயதில் இதைக் கேட்டபோது முருகன் கைகளை நீட்டித் தாங்கும் இடத்தில் எனக்குச் சிலிர்க்கும். மாமா திரும்பி வந்த பிறகு அதே கதையை நினைத்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. முருகன் தம்பியைத் தாங்கினான், சரி. அந்த அக்காவின் கணக்கை யார் பார்த்தார்கள்?

கிருபையைப் பற்றி நான் கேட்க விரும்பியது இதைத்தான். பெறுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் கிருபை இனிக்கிறது. இழந்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அடுத்தவர் கடனைத் தாராளமாகத் தள்ளுபடி செய்வதுபோல் இருக்கிறது. கிறிஸ்தவம் இதற்கு என்ன சொல்கிறது?

கெட்ட குமாரன் கதை எல்லாருக்கும் தெரியும். லூக்கா பதினைந்தாம் அதிகாரம். தகப்பன் உயிரோடிருக்கும்போதே பங்கைப் பிரித்துக்கொண்டு போனவன், எல்லாவற்றையும் தொலைத்து, பன்றி மேய்த்து, பசியோடு திரும்புகிறான். வழியெல்லாம் ஒரு பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறான்: நான் மகனாக இருக்கத் தகுதியற்றவன், என்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று. தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒத்திகை பார்த்த பேச்சில் ‘கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்’ என்ற பகுதியை அவன் சொல்லவே இல்லை. அதற்குள் தகப்பன் ஆடையும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். கூலிக் கணக்கைப் பேச இடமே கிடைக்கவில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வயலிலிருந்து வருகிறான் மூத்த மகன். ஆட்டபாட்டத்தைக் கேட்டுவிட்டு உள்ளே வர மறுக்கிறான். இத்தனை ஆண்டுகள் உழைத்த எனக்கு நண்பர்களோடு விருந்துண்ண ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்ததுண்டா என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. அவன் தன் தம்பியைத் ‘தம்பி’ என்று சொல்வதில்லை. ‘உம்முடைய இந்த மகன்’ என்கிறான். தகப்பன் பதில் சொல்லும்போது ‘உன் சகோதரன்’ என்று திருத்திச் சொல்கிறான். இதைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்தேன். மாமா வந்த நாளிலிருந்து அம்மாவிடம் பேசும்போது நான் அவரை ‘மாமா’ என்று சொன்னதில்லை. “உன் தம்பி வந்தாரா?” “உன் தம்பி சாப்பிட்டாரா?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தகப்பன் மூத்தவனைக் கண்டிக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. வெளியே வந்து கெஞ்சுகிறான். மூத்தவன் உள்ளே போனானா, இல்லையா? இயேசு சொல்லவில்லை. கதை வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது.

இழந்தவர்களின் கணக்கைத் தொடும் வேறு இடங்களும் உண்டு. சகேயு என்னும் வரி வசூலிப்போன், பிறர் பொருளைச் சுரண்டிப் பிழைத்தவன். இயேசு அவன் வீட்டுக்குத் தாமாகவே விருந்துக்குப் போகிறார். முதலில் பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று சொல்லவில்லை. போன பின்னால் சகேயு எழுந்து நின்று, நான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். கிருபை முந்தியது, பரிகாரம் பிந்தியது. ஆனால் பரிகாரம் இல்லாமற் போகவில்லை. ஹிட்லரை எதிர்த்து 1945-இல் தூக்கிலிடப்பட்ட டீட்ரிக் போன்ஹாஃபர் என்னும் போதகர், மனமாற்றம் கேட்காத மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்று 1937-இல் எழுதிய நூலில் சாடினார். சிலுவையில் உயிரை விலையாகக் கொடுத்து வந்த ஒன்றை இலவசச் சீட்டுபோல் விநியோகிக்காதீர்கள் என்பது அவர் கருத்து. பெறுகிறவனுக்கு விலையில்லை என்பதால் கொடுப்பவனுக்கும் விலையில்லை என்றாகிவிடாது.

மனமாற்றம் உடனே முழுமையாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். உலகெங்கும் கிருபையைப் பற்றிப் பாடப்படும் மிகப் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடலை எழுதிய ஜான் நியூட்டன், அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் தலைவர். 1748-இல் கடும்புயலில் சிக்கிக் கடவுளை நோக்கிக் கூவினார். அதன் பின்னும் 1754 வரை அதே தொழிலைச் செய்தார்! அடிமை வாணிகத்தைக் கண்டித்து வெளிப்படையாக அவர் நூல் எழுதியது 1788-இல்தான். புயலுக்கும் அந்த நூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளில் அவர் கப்பல்களில் கட்டுண்டு போனவர்களை நினைத்தால் அந்தப் பாட்டை அவ்வளவு எளிதாகப் பாடிவிட முடியாது. இதற்கு நான் படித்த எந்த நூலும் எனக்கு நிறைவான பதில் தரவில்லை.

கணக்கு வழியே என்னைக் கொஞ்சம் அசைத்தது இன்னொரு கதை. மத்தேயு பதினெட்டாம் அதிகாரம். ஓர் ஊழியன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். கெஞ்சுகிறான்; அரசன் முழுவதையும் தள்ளுபடி செய்கிறான். வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 தெனாரியம். ஆகவே முதற்கடன் ஆறு கோடி நாட்கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் இரண்டு லட்சம் ஆண்டுகள் உழைக்கவேண்டும். இரண்டாவது கடன் நூறு நாட்கூலி. விகிதம் ஆறு லட்சத்துக்கு ஒன்று. தீர்க்க முடியாத கடன் என்பதைக் காட்டவே இயேசு இப்படி ஓர் எண்ணைச் சொல்லியிருக்கவேண்டும்.

ஆனால் நூறு தெனாரியம் சிறு தொகையென்று கதை சொல்லவில்லை. நூறு நாட்கூலி என்றால் என் அம்மாவுக்கு ஒரு பெருந்தொகை. இழப்பு இழப்புதான். தனக்கு விடப்பட்டதை மறந்தவனின் கை அடுத்தவன் கழுத்துக்குப் போகிறது என்பதே அங்கு குற்றம். எனக்கு என்ன விடப்பட்டது என்று யோசித்துப் பார்த்தேன். நான் தகுதியால் இங்கே வந்தேன் என்று தொடக்கத்தில் எழுதினேன். பத்தாம் வகுப்பில் நான் ஒரு தடவை தேர்வுக்குப் போகாமல் நாகநதிக்கரையில் நாள் முழுவதும் சுற்றிவிட்டு வந்தபோது, அக்கா வீட்டில் பொய் சொல்லிக் காப்பாற்றினாள். பிறகு தன் சம்பளத்தில் எனக்குத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டினாள். அவள் படிப்பை நிறுத்திய ஆண்டுதான் நான் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் இது வராது.

மாமா இப்போது ஆரணியில் ஒரு நெல் அரவை ஆலையில் இரவுக் காவலாளியாக இருக்கிறார். மாதம் பிறந்ததும் வந்து ஐந்நூறு ரூபாயை அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போகிறார். முதல் மாதமே அம்மா என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எழுதிவைக்கச் சொன்னாள். தேதி, தொகை, மீதி என்று மூன்று கட்டம் போட்டுக்கொடுத்தேன். இன்று பவுன் விற்கும் விலையில் அந்த மூன்று பவுன் எப்போது தீரும் என்று நானே ஒருநாள் வகுத்துப் பார்த்தேன். மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் ஆயுள் போதாது.

சென்ற மாதம் அவர் வந்து போன பிறகு நோட்டை எடுத்தேன். அம்மா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே, “இனிமே எழுத வேணாம் வுடு” என்றாள். கடனை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், “வெளியில நிக்கிறாரு பாரு, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது, மோரு குடுத்துட்டு வா” என்றாள். நான் தேதியை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடினேன். மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.